மிஸ் சொன்னாங்க

அன்புள்ள அக்கா,
பொண்ணு மூணாவது படிக்கிறா. ஸ்கூல்ல ஒரு ஹெல்த் டிரிங்க் கம்பெனி டிராயிங் போட்டி நடத்துச்சு. காலி டப்பா கொண்டு வந்தா என்ட்ரி ஃப்ரீ. ஃபார்ம்ல போன் நம்பர், பாப்பாவோட உயரம், எடை கேட்டிருந்தாங்க, எழுதிக் கொடுத்தேன். இப்ப அந்தப் பவுடர்தான் வேணும், மிஸ் சொன்னாங்கன்னு ஒரே அடம். நாமளும் இதெல்லாம் குடிச்சு வளர்ந்தவங்கதானே? பவுடர் நல்லதா கெட்டதா?
ம., ஈரோடு

தம்பி,

நல்லதா கெட்டதான்னு டப்பா பின்னாடி பொடி எழுத்துல இருக்கும், படிங்க. 2023ல போர்ன்விட்டா பத்தி ஒரு வீடியோ வந்து ரகளையாச்சே, அதுக்கப்புறம் நூறு கிராமுக்கு 37.4 கிராம் சேர்த்துட்டிருந்த சர்க்கரையை 32.2க்கு இறக்கினாங்க. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைக்காரங்ககிட்ட இதையெல்லாம் 'ஹெல்த் டிரிங்க்'னு போட்டு விக்காதீங்கன்னுச்சு, ஏன்னா நம்ம உணவுச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாது. நீங்க இன்னும் அப்படித்தான் எழுதுறீங்க. சரி, அது கிடக்கட்டும்.

"நாமளும் குடிச்சு வளர்ந்தோம்"ங்கிறீங்க. எங்க வீட்ல பாட்டில்தான் இருந்துச்சு, பவுடர் இல்ல. பக்கத்து வீட்டம்மா கொடுத்த காலி பாட்டில், அம்மா அதுல புளி போட்டு வெச்சிருந்தாங்க. நான் அஞ்சாவது படிக்கிறப்ப ஒரு கம்பெனி வந்து மாறுவேடப் போட்டி வெச்சாங்க, பேர் வேணாம், லேபிள் கொண்டு வந்தாத்தான் சேத்துக்குவாங்க. ராத்திரி பாட்டிலை சுடுதண்ணில போட்டு அம்மா நகத்தாலயே லேபிளை உரிச்சாங்க, ஓரம் கிழிஞ்சுது, சோத்துப் பருக்கையால நோட்டுத்தாள்ல ஒட்டிக் கொடுத்தாங்க. புளி வாசனை போகல. டீச்சர் வாங்கி மோந்து பாத்து சிரிச்சாங்க, கிளாஸே சிரிச்சுது. அப்பவும் அவங்கன்னா எனக்கு உசிரு. சாயந்திரம் வந்து அம்மாகிட்ட, "இதைக் குடிச்சாத்தான் மூளை வளருமாம், டீச்சர் சொன்னாங்க"ன்னேன். அம்மா ஒண்ணும் பேசல. சீட்டுக்கு வெச்சிருந்த காசுல சின்ன பாட்டில் ஒண்ணு வாங்கினாங்க, எனக்கு மட்டும். தங்கச்சி டம்ளரைக் கழுவுறேன்னு வாங்கிட்டுப் போய் அடியில இருக்கிறதை விரலால வழிச்சுத் தின்னுவா.

அந்த "டீச்சர் சொன்னாங்க" இருக்கே, கம்பெனி வாங்குறது அதைத்தான். டிவி விளம்பரம்னா ரிமோட்டை அமுக்கிடலாம், மிஸ்ஸை எப்படி அமுக்குவீங்க? அ எழுதக் கத்துக்கொடுத்த வாய், அது சொன்னா பிள்ளைக்கு வேதம், நாலு ஷீல்டும் நூறு தொப்பியும் ரெண்டு பேனரும் கொடுத்து அந்த வாயை ஒருத்தன் வாடகைக்கு எடுத்துட்டுப் போறான், ஹெச்.எம். அவனுக்கே சால்வையும் போடுறார். கைக்குழந்தை பால்பவுடருக்கு 1992லயே சட்டம் இருக்கு, டாக்டர் நர்ஸுக்கு கம்பெனிக்காரன் பரிசு கொடுக்கக்கூடாது, செமினாருக்குப் பணம் தரக்கூடாது, போட்டிக்குக்கூட தரக்கூடாது. ஏன்? டாக்டர் சொன்னா தாய் நம்பிடுவா. அப்ப மிஸ் சொன்னா எட்டு வயசுப் பிள்ளை நம்பாதா? சர்க்கரை தூக்கலான பண்டத்தை ஸ்கூலுக்குள்ள, கேட்லேர்ந்து 50 மீட்டருக்குள்ள விக்கக்கூடாது, விளம்பரமும் கூடாதுன்னு 2020ல விதி போட்டாச்சு. கேட்ல மாங்கா விக்கிற பாட்டியைத்தான் வாட்ச்மேன் விரட்டுறார்.

மிஸ் மேல எனக்குக் கோவம் இல்ல, பாவம், மேல இருந்து சொன்னா செய்யத்தான் வேணும். உங்க மேலதான் கோவம். ரேஷன் கடையில கைரேகை வைக்க நூறு கேள்வி கேப்பீங்க, பிள்ளையோட எடையை எவன்கிட்டயோ எழுதிக் கொடுத்திருக்கீங்க! நாளைக்கே போன் வரும், வயசுக்கு உயரம் பத்தலை சார்னு. அன்னிக்கு ராத்திரி நீங்களே போய் ரெண்டு டப்பா வாங்கிட்டு வருவீங்க.

ஆமா, இவ்வளவு எழுதினீங்களே, பாப்பா என்ன வரைஞ்சான்னு ஒரு வரி இல்லையே தம்பி. போட்டோ எடுத்து அனுப்புங்க.