டீசல் ஸ்விஃப்ட்டில் முன்பக்கச் சத்தம்: 21,500 ரூபாய்க்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். என் 2013 டீசல் ஸ்விஃப்ட்டில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் 21,500 ரூபாய் கேட்கிறார்கள். ஷாக் அப்சார்பர், அதன் மேல் முனையைத் தாங்கும் மவுண்ட் ஜோடியாக 9,000, லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) இரண்டு 5,000, லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சின்னத் தண்டு) இரண்டு 1,800, கூலி 5,000, அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிபார்ப்பது) 700. கையில் 10,000 இருக்கிறது. குறுவைப் பணம் வர மூன்று மாதம் ஆகும். நகையை அடகு வைப்பதா, நானே வீட்டில் மாற்றிக்கொள்வதா?

பதில்: நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 11,500-க்கு மூன்று மாதத்தில் 345 ரூபாய்தான் ஆகும். வட்டி பிரச்சினையே இல்லை. எந்தப் பார்ட் தேய்ந்திருக்கிறது என்று அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் பிரச்சினை. தேவையில்லாத பார்ட்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள்.

முதலில் நீங்களே பாருங்கள். சின்னச் சின்னக் குழியில் மெதுவாகப் போகும்போது மட்டும் சத்தம் என்றால், முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல். ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா? பானட் மூலையை அழுத்தி விட்டால் வண்டி ஒருமுறை எழும்பி நிற்கிறதா, ஆடிக்கொண்டே இருக்கிறதா? சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் கம்பி கொடுத்து நெம்புங்கள். லோயர் ஆர்ம் நுனியில் உள்ள பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) ஆடினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் ஓடும் வண்டியில் சக்கரம் மடங்கிவிடும்.

லோயர் ஆர்ம், லிங்க் ராடு இரண்டுமே போயிருந்தாலும் பார்ட்ஸ் 6,800, அலைன்மென்ட் 700. வீட்டில் மாற்றினால் 7,500-இல் முடியும். மீதி 2,500-இல் ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) ஒரு ஜோடி வாங்குங்கள். செங்கல் அடுக்கி வண்டியை நிறுத்தக் கூடாது. நம் களிமண் தரையில் ஜாக் புதையும், சிமென்ட் தளம் வேண்டும். டார்க் ரெஞ்சை (நட்டை அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர்) இரவல் வாங்கினால் போதும்.

துருப்பிடித்த நட்டுகளில் முந்தின இரவே டபிள்யூ.டி-40 (துருவை இளக்கும் ஸ்ப்ரே) அடித்து வையுங்கள். லிங்க் ராடு கழற்றும்போது இரண்டு முன்சக்கரமும் தூக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) முறுக்கி நிற்கும், போல்ட் வராது. லோயர் ஆர்மில் பலர் தவறுவது புஷ் (ரப்பர் உறை) போல்ட்டில்தான். சக்கரம் தொங்கும்போதே முழுசாக முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழியும். கையளவுக்கு மாட்டி, வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முறுக்குங்கள். லாக் நட்டெல்லாம் (தானாகக் கழலாத நட்டு) புதிதாகப் போடுங்கள்.

ஷாக் அப்சார்பரை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் அது தெறித்து உயிருக்கே ஆபத்து. அந்த வேலை ஒர்க்‌ஷாப்புக்கு, அதுவும் குறுவைப் பணம் வந்தபின். ஒரு பக்கம் போயிருந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள். சேசிஸ் நம்பரைச் சொல்லி டீசலுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். டீசல் என்ஜின் எடை கூடுதல் என்பதால் பெட்ரோல் ஸ்பிரிங் ஒத்துவராது. அப்போது இன்னொரு 700 அலைன்மென்ட்டுக்கு ஆகும். ஆயில் தடமும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால் அந்த 9,000 செலவே வேண்டாம்.