பிளந்தாலும் ஆற்றல், சேர்ந்தாலும் ஆற்றல்: எப்படி?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "அணுக்கருவைப் பிளந்தாலும் ஆற்றல் வரும், இரண்டைச் சேர்த்தாலும் ஆற்றல் வரும் என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் மாற்றி மாற்றிப் பிளந்தும் சேர்த்தும் முடிவில்லாமல் ஆற்றல் எடுக்கலாமே?" என்கிறாள். நான் வணிகவியல் படித்தவன், பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம், நாங்கள் இருப்பது ராதாபுரம் பக்கம். கூடங்குளம் உலை அணுகுண்டு மாதிரி வெடிக்குமா என்றும் கேட்கிறாள். அவளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

பதில்: அருமையான கேள்வி. நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்களில் பலர் இந்த இடத்தைக் கேள்வி கேட்காமலே கடந்துவிடுகிறார்கள். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரே அணுக்கருவைப் பிளந்தும் சேர்த்தும் ஆற்றல் எடுக்க முடியாது. யுரேனியம் போல மிகக் கனமானவற்றைப் பிளந்தால் ஆற்றல் வரும். ஹைட்ரஜன் போல மிக லேசானவற்றைச் சேர்த்தால் ஆற்றல் வரும். நடுவில், இரும்பு, நிக்கல் பக்கத்தில் இருப்பவற்றை என்ன செய்தாலும் ஆற்றலை நாம்தான் கொடுக்க வேண்டும்.

காரணம் பிணைப்பாற்றலில் இருக்கிறது. பெரும்பாலான குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. பிணைப்பாற்றல் என்றால் அணுக்கருவுக்குள் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கணக்குப் புத்தக மொழியில் சொன்னால், அது இருப்பு அல்ல, கடன். புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றுசேரும்போது கொஞ்சம் ஆற்றலை வெளியே விட்டுவிடுகின்றன. மறுபடி அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமானால் அதே அளவைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். அந்தத் தொகைதான் பிணைப்பாற்றல்.

ஹீலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். நான்கின் நிறையையும் தனித்தனியாகக் கூட்டினால் 4.0319 அணு நிறை அலகு. ஹீலியம் அணுக்கருவின் நிறை 4.0015 தான். குறைந்துபோன 0.0304 அலகு ஆற்றலாக வெளியேறிவிட்டது: 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் சிறிய அலகு இது). பாடத்தில் வரும் நிறை குறைபாடு இதுதான்.

இனி அந்தத் தொகையைத் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். டியூட்டிரியத்தில் (ஒரு நியூட்ரான் சேர்ந்த கனமான ஹைட்ரஜன்) ஒரு நியூக்ளியானுக்கு, அதாவது ஒரு புரோட்டானுக்கோ நியூட்ரானுக்கோ, 1.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஹீலியத்தில் 7.1, இரும்பில் 8.8, யுரேனியம்-235 இல் 7.6. ஏறிப்போய் இரும்பு அருகே உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. தலைக்கடன் கூடும் திசையில் எது நடந்தாலும், கூடிய தொகை ஆற்றலாக வெளியே வரும். யுரேனியம் இரண்டாகப் பிளந்து, அந்தத் துண்டுகள் சிதைந்து நிலைபெறும்போது அது சுமார் 7.6 இலிருந்து 8.5 க்குப் போகிறது. தலைக்கு 0.9 வீதம் 235 பேருக்கு, கிட்டத்தட்ட 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன் அணு எரியும்போது கிடைப்பது வெறும் 4 எலக்ட்ரான் வோல்ட். ஐந்து கோடி மடங்கு வித்தியாசம்!

உச்சம் ஏன் நடுவில் வருகிறது? உட்கருவைச் சேர்த்துப் பிடிக்கும் வலிமையான விசை பக்கத்தில் ஒட்டி இருப்பவர்களை மட்டும்தான் எட்டும். புரோட்டான்களின் மின் விலக்கு விசையோ, உட்கருவில் எங்கே இருந்தாலும் எட்டும். சிறிய உட்கருவில் பக்கத்துத் துணை குறைவு, அதனால் ஆள் சேரச் சேர நல்லது. பெரிதாகிக்கொண்டே போனால் ஒரு புரோட்டானை மற்ற எல்லாப் புரோட்டான்களும் தள்ள ஆரம்பிக்கின்றன. யுரேனியத்தில் 92 புரோட்டான்கள். ஒரு நியூட்ரான் வந்து சேர்ந்தாலே யுரேனியம்-235 நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகிவிடுகிறது.

இதை முதலில் கணக்குப் போட்டுக் கண்டவர் இயற்பியலாளர் லீஸ் மைட்னர். 1938 டிசம்பரில் பெர்லினில் வேதியியலாளர்கள் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மேல் நியூட்ரான்களைச் செலுத்தி, அதைவிட மிக லேசான பேரியம் கிடைத்ததைக் கண்டு திகைத்தார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த மைட்னர் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடனுக்குப் போயிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பார்க்க வந்த அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷோடு பனியில் நடந்தபடியே பேசி, கையிலிருந்த காகிதத்தில் கணக்குப் போட்டார். துண்டுகள் ஒன்றையொன்று மின் விசையால் தள்ளுவதிலிருந்து கணக்கிட்டால் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். குறைந்துபோன நிறையிலிருந்து கணக்கிட்டாலும் அதே 200. பிறகு 1944 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே போனது. மைட்னருக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி இது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகளிடம் இவரைப் பற்றி அவசியம் சொல்லுங்கள்.

சரி, கூடங்குளத்துக்கு வருவோம். அணுகுண்டு மாதிரி வெடிக்காது. இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் 235 வகை 0.7 சதவீதம்தான். கூடங்குளத்து எரிபொருளில் அதை 5 சதவீதத்துக்கும் கீழேதான் செறிவூட்டியிருக்கிறார்கள். யுரேனிய குண்டுக்கோ 90 சதவீதம் அளவுக்கு வேண்டும். ஒவ்வொரு பிளவிலும் சராசரியாக இரண்டரை நியூட்ரான் வெளியே வருகிறது. அதில் ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் உலையின் வேலை. மிச்சத்தைப் போரான் போன்றவை உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது. நியூட்ரான்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கு, பிளவு நடந்து சில நொடிகள் கழித்துத்தான் வருகிறது. இந்தத் தாமதம் மட்டும் இல்லையென்றால் நியூட்ரான்களை உறிஞ்சும் எந்தக் கட்டுப்பாட்டுத் தண்டாலும் உலையைப் பிடித்து வைக்க முடியாது. இயற்கை நமக்குக் கொடுத்த அவகாசம் என்றே சொல்வேன்.

அதனால் ஆபத்தே இல்லை என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அது உண்மையல்ல. தண்டுகளை இறக்கி, ஒரு பிளவு அடுத்ததை உண்டாக்கும் தொடர்வினையை நிறுத்தினாலும் பிளவுத் துண்டுகள் கதிரியக்கத்தால் சூடாகிக்கொண்டே இருக்கும். நிறுத்திய உடனே முழுத்திறனில் 6, 7 சதவீத வெப்பம் இருக்கும். 3000 மெகாவாட் வெப்பம் தரும் ஓர் உலையில் அதுவே 200 மெகாவாட். அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லத்தான் தணியும். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால் குளிர்விக்க வழியில்லாமல் எரிபொருள் உருகியது. கட்டடங்களைப் பிளந்தது அங்கே சேர்ந்த ஹைட்ரஜன் வாயு. கூடங்குளத்தில் மின்சாரம் இல்லாமலே காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும், எரிபொருள் உருகினால் தாங்கிப் பிடிக்கும் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். 'குண்டு மாதிரி வெடிக்குமா' என்பதை விட, 'மின்சாரம் போனால் எதை வைத்து, எத்தனை நாள் குளிர்விப்பீர்கள்? பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பீர்கள்?' என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். உலை அருகே வாழும் யாருக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு.

லேசான அணுக்கருக்களைச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலை இன்னும் வராதது ஏன் என்று அடுத்து கேட்பாள். இரண்டு நேர்மின் உட்கருக்கள் ஒன்றையொன்று விரட்டும். ஒட்டும் தூரத்துக்கு அவற்றைக் கொண்டுவர, பூமியில் 15 கோடி டிகிரி வரை வெப்பம் தேவைப்படுகிறது. சூரியனின் மையத்தில் 1.5 கோடிதான், ஆனால் அதன் நிறையே ஹைட்ரஜனை அழுத்திப் பிடித்து வைத்திருக்கிறது. நாம் காந்தப் புலத்தாலோ லேசராலோ பிடிக்கப் பார்க்கிறோம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளி கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த லேசரை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் (ITER) இணைவு உலையில் இந்தியாவும் ஒரு பங்காளி. இணைவில் நீண்டகாலக் கழிவு குறைவு, ஆனால் வேகமான நியூட்ரான்கள் பட்டு உலைச் சுவரே கதிரியக்கம் பெறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்று மாலையே அவளை ஒரு கணக்குப் போட வையுங்கள். எல்லாம் அணு நிறை அலகில், எலக்ட்ரான்களையும் சேர்த்த முழு அணுவின் நிறை (அதனால்தான் ஹீலியம் மேலே சொன்ன 4.0015 ஐ விடச் சற்றுக் கூடுதல்): டியூட்டிரியம் 2.01410, இரண்டு நியூட்ரான் கொண்ட ஹைட்ரஜனான டிரிட்டியம் 3.01605. இவை சேர்ந்து ஹீலியம் 4.00260, நியூட்ரான் 1.00867 ஆகின்றன. முன்னதன் கூட்டுத்தொகையிலிருந்து பின்னதைக் கழித்து 931.5 ஆல் (ஓர் அணு நிறை அலகுக்கு இத்தனை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) பெருக்கினால் 17.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரும். அதை ஐந்து நியூக்ளியான்களுக்குப் பிரித்தால் தலைக்கு 3.5, யுரேனியப் பிளவைப் போல நான்கு மடங்கு. ஐந்து தசம இடங்களையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். இரண்டு இடத்தோடு நிறுத்தினால் விடை 18.6 என்று தவறாக வரும், தேர்வில் மாணவர்கள் அடிக்கடி மதிப்பெண் இழப்பது இதில்தான்.