காரில்லாமல் லெசோத்தோ மலைகளுக்கு: எந்த வழி, எந்த வண்டி?

கேள்வி: ஜூலையில் இரண்டு வாரம் லீவு. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, உள்ளூர் வண்டிகளிலேயே லெசோத்தோ மலைகளைச் சுற்றிவிட்டு டர்பனில் விமானம் ஏற நினைக்கிறேன். தனியாகப் போகிறேன், சைவம். நடக்குமா?

பதில்: தாராளமாக நடக்கும். ஆனால் ஒரு நாளுக்கு ஒரு பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் விடியற்காலையிலேயே தொடங்குங்கள். அங்கே மக்களைச் சுமப்பது பெரும்பாலும் மினிபஸ் டாக்ஸிதான். கால அட்டவணை கிடையாது. ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்தால் கிளம்பும். காலை ஆறு, ஏழு மணிக்கு டாக்ஸி ரேங்கில், அதாவது வண்டிகள் கிளம்பும் நிலையத்தில், இருந்தால் சீக்கிரம் நிறையும். பதினொரு மணிக்கு மேல் போனால் பாதி நிறைந்த வண்டியில் மதியம் வரை உட்கார நேரலாம், மலை வழியில் இருட்டிவிடும். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் போகவே வேண்டாம்.

முதலில் விசா. தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். லெசோத்தோவைச் சுற்றிலும் தென்னாப்பிரிக்காதான், வெளியே வர வேறு நிலவழியே இல்லை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் போனால் திரும்பி டர்பனுக்கு வர முடியாது. லெசோத்தோவுக்கான விசா விதியைத் தூதரகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் மட்டும் சாகசம் வேண்டாம். நகர மையத்து டாக்ஸி ரேங்குகளில் முதுகில் பெரிய பையோடு புது ஆள் நிற்பது நல்லதல்ல. ப்ளூம்ஃபொன்டீன் வரை முன்பதிவு செய்த கோச் பஸ்ஸில் பகலில் போய், அங்கே ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை மினிபஸ்ஸில் மசேரு பிரிட்ஜ், லெசோத்தோ தலைநகர் மசேருவை ஒட்டிய எல்லைப் பாலம். எல்லையில் இறங்கி இந்தப் பக்கம் முத்திரை, பாலத்தை நடந்து கடந்து அந்தப் பக்கம் முத்திரை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சம்பளத்தோடு ஊர் திரும்பும் கூட்டம் நெருக்கும்.

வண்டிக்குள் ஒரு வழக்கம் உண்டு. தென்னாப்பிரிக்க மினிபஸ்ஸில் பெரும்பாலும் கண்டக்டர் இருக்க மாட்டார். பின்வரிசைக்காரர் பணத்தை முன்வரிசைத் தோளைத் தட்டிக் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறி முன்னால் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் பின்னால் வரும். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கணக்குப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழும். அதனால் இரண்டாவது வரிசை நல்லது. சின்ன நோட்டுகள் கையில் இருக்கட்டும். பை 40 லிட்டருக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். பெரிதானால் அதற்கும் ஓர் இருக்கைக் காசு கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. லெசோத்தோவில் தென்னாப்பிரிக்க ராண்ட் அப்படியே செல்லும், ஒரு ராண்டுக்கு லெசோத்தோ பணம் ஒரு லோட்டி. மீதி மலோட்டியாக (லோட்டியின் பன்மை) வரும். அது எல்லைக்கு வெளியே செல்லாது, அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

வழியைப் பொறுத்தவரை, மசேருவிலிருந்து முதலில் செமோன்கொங் என்ற மலை ஊர். 192 மீட்டர் உயர மலெட்சுன்யானே அருவிக்கு அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ போகலாம். ஜூலையில் நீர் குறைவு, ஆனால் பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும். இரண்டு இரவு தங்கி மசேரு திரும்பி, வடக்கே புத்தா-புத்தே போங்கள். அங்கிருந்து மொகோட்லொங் போகும் சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர். மொட்டெங் கணவாயில் வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். அப்புறம் ட்லாயெங் கணவாய், 3,251 மீட்டர். ஜன்னலுக்கு வெளியே கம்பளி போர்த்தி ஆடு மேய்க்கும் பையன்களையும் லெட்செங் வைரச் சுரங்கத்தையும் பார்ப்பீர்கள். மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது, அதற்காகவும்தான் காலையில் போகச் சொல்கிறேன்.

மலேரியா பயம் லெசோத்தோவில் இல்லை. பயப்பட வேண்டியது குளிருக்குத்தான். ஜூலை இரவுகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், பல விடுதிகளில் ஹீட்டர் இருக்காது. கையுறையும் தெர்மல் உள்ளாடையும் கட்டாயம். சாப்பாட்டுக்கு பாபாவும் மொரோஹோவும் எங்கும் கிடைக்கும். சோளமாவுக் களியும் வதக்கிய கீரையும்தான், நல்ல சூடாக இருக்கும். மாமிசக் குழம்பை மேலே ஊற்றிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச்சைத் தொடங்கும்போது ஆணை ‘ந்தாத்தே’, பெண்ணை ‘ம்மே’ என்று கூப்பிட்டு ‘லுமேலா’ சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேரே வழி கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். ரேங்கில் உங்களைச் சரியான வண்டியில் ஏற்றிவிடுவதும் பெரும்பாலும் ஒரு ம்மேயாகத்தான் இருக்கும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள், தனியாகப் போகிறவருக்கு அதுவே பாதிப் பாதுகாப்பு. மசேருவில் மட்டும் இருட்டிய பிறகு நடக்காதீர்கள், போனைக் கையில் பிடித்துக்கொண்டும் நிற்காதீர்கள்.

மொகோட்லொங்கிலிருந்து சானி கணவாய் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் அண்டர்பர்க் ஊருக்கு இறங்கும் மினிபஸ்கள் காலையில் உண்டு. உச்சி 2,870 மீட்டருக்குச் சற்று மேல். லெசோத்தோ சோதனைச் சாவடி உச்சியில், தென்னாப்பிரிக்கச் சாவடி சுமார் 8 கிலோமீட்டர் கீழே. நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். எல்லை காலை 6 முதல் மாலை 6 வரைதான். அண்டர்பர்க்கிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க், அங்கிருந்து டர்பன் சுலபம்.

பனி விழுந்தால் சானி மூடப்படலாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலையே மொகோட்லொங் ரேங்கில் டிரைவர்களிடம் கேளுங்கள். மூடியிருந்தால் ஒரு நாள் காத்திருங்கள். அப்படியும் திறக்கவில்லையா? புத்தா-புத்தே திரும்பி, காலிடன்ஸ்பூர்ட் எல்லை வழியாகத் தென்னாப்பிரிக்காவிலுள்ள பெத்லெஹெம் போய் டர்பன் வண்டி பிடியுங்கள். அந்தச் சுற்றுக்கு இரண்டு நாள் வேண்டும் என்பதால், விமானத்துக்கு முன்னால் மூன்று நாளையாவது காலியாக வைத்து டிக்கெட் போடுங்கள்.