டிஷ்வாஷருக்கு மாதம் ஒரு க்ளீனர் பாட்டில் போதுமா?

கேள்வி: டிஷ்வாஷர் வாங்கி ஒன்றரை வருடம். கண்ணாடி டம்ளர்கள் வெள்ளை பூத்துப்போகின்றன, கழுவி முடித்தபின் அடியில் தண்ணீர் நிற்கிறது, திறந்தால் நாற்றம். மாதாமாதம் க்ளீனர் போட்டால் சரியாகுமா, இல்லை மெஷினின் ஆயுளே இவ்வளவுதானா?

க்ளீனரால் ஆகாது. ஆயுளும் முடியவில்லை. ஒன்றரை வருட மெஷினுக்கு இரங்கல் கூட்டம் போடுகிற கேள்விகளைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கோபம் வருகிறது. உங்கள்மேல் அல்ல, "தானாகவே எல்லாம் செய்துகொள்ளும்" என்று சொல்லி விற்றவர்கள்மேல்.

முதலில் ஃபில்டர். கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? அது எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருந்தால் நாற்றத்துக்கும் தேங்கலுக்கும் பாதி விடை கிடைத்துவிட்டது. கீழ்த் தட்டை வெளியே எடுத்தால் மெஷினின் உள்தரையில் உருளை வடிவில் ஒன்று தெரியும். பெரும்பாலான மெஷின்களில் அதை இடப்பக்கம் திருகித் தூக்கினால் அதனோடு தட்டையான சல்லடையும் வந்துவிடும். ஓடும் குழாய்நீரில், பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ் கொண்டு தேயுங்கள். கம்பி நார் வேண்டாம், வலைக்கண் கிழிந்தால் துணுக்குகள் நேராகப் பம்புக்குப் போகும். திரும்பப் போடும்போது பூட்டும் குறி வரை திருகுங்கள். அரைகுறையாக நிற்கிற ஃபில்டர் இல்லாத ஃபில்டரைவிட மோசம், ஏனென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். தினமும் ஓட்டினால் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

ஃபில்டர் சுத்தமாகியும் தண்ணீர் நின்றால் வெளியேற்றும் பம்பைப் பாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஃபில்டர் இருந்த குழியில் உள்ள நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். பல மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கரண்டிக் காம்பால் நெம்பினால் வரும். உள்ளே இருக்கிற சிறு விசிறியில் கண்ணாடிச் சில்லோ விதையோ சிக்கியிருக்கலாம். கையுறை இல்லாமல் விரலை விடாதீர்கள். அந்த விசிறி வழுக்கிச் சுழலாமல் விட்டு விட்டுத்தான் திரும்பும். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் அப்படி. பழுது என்று நினைத்து மாற்றிவிட வேண்டாம். அதுவும் சரியென்றால் கழிவுநீர்க் குழாய்தான் மிச்சம். மெஷினுக்குப் பின்னால் அது நசுங்கியிருக்கலாம், அல்லது மேலே ஏறி வளையாமல் தரையோடு கிடக்கலாம். தாழ்ந்து கிடந்தால் சிங்க்கின் அழுக்குநீர் மெஷினுக்குள் திரும்பிவரும். (ஃபில்டருக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது மெஷினின் உள்தரைக்கு மேல் தெரிகிற நீருக்கு.)

இனி டம்ளர். ஒரு டம்ளரின்மேல் வினிகரைத் தடவிச் சில நிமிடம் விட்டுத் துடையுங்கள். வெள்ளை போய்விட்டால் அது கடினநீர் விட்டுப்போன உப்புப்படிவு, தீர்வு உண்டு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, எதைப் போட்டாலும் திரும்பாது. அரிப்புக்குக் காரணம் உப்புப்படிவுக்கு நேரெதிர்: அளவுக்கு மீறி மென்மையான நீர், அதிக டிடர்ஜென்ட், அதிகச் சூடு. இந்தச் சோதனை செய்யாமல் "சால்ட்டைக் கூட்டு" என்று அறிவுரை சொல்கிறவர்கள் பாதிப் பேருக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள்.

உப்புப்படிவு என்றால் மெஷினுக்குள் நீரை மென்மையாக்கும் பகுதி வேலை செய்யவில்லை. அதிலுள்ள ரெசின் (சிறு பிளாஸ்டிக் மணிகள்) நீரின் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பிடித்ததைக் கழுவி வெளியேற்றத்தான் சால்ட். டிஷ்வாஷருக்கான பெருங்கல் உப்பு மட்டும் போடுங்கள். சமையல் தூள் உப்பு கட்டிதட்டிச் சால்ட் அறையை அடைக்கும், அதில் கலந்திருக்கும் பொருள்கள் ரெசினைக் கெடுக்கும். முதல்முறை மட்டும் அறையைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுச் சால்ட் போட வேண்டும், சுமார் 1 கிலோ பிடிக்கும். அடுத்தடுத்த முறை தண்ணீர் தேவையில்லை. போட்டவுடன் தாமதிக்காமல் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். வழிந்த உப்புநீர் நின்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் குழி விழும்.

சால்ட் இருந்தும் படிகிறது என்றால் மெஷினில் நீரின் கடினத்தன்மை எண்ணைத் தவறாக வைத்திருக்கிறீர்கள். டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள், அது கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். கடினத்தன்மைக்கான சோதனைப் பட்டையே வேண்டும். பட்டை பிபிஎம்மில் 300 காட்டினால் 17.8-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 17 ஜெர்மன் டிகிரி. கையேட்டு அட்டவணையில் பெரும்பாலும் அந்த அளவுதான் இருக்கும். சால்ட் அறையே இல்லாத மாடல்களும் உண்டு என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: உண்டு. அவற்றுக்கு ரின்ஸ் எய்டும் (கடைசி அலசலில் சேரும் திரவம்), அவ்வப்போது சிட்ரிக் அமிலமும்தான் வழி.

சிட்ரிக் அமிலம் போடுவதிலும் வரிசை முக்கியம். முதலில் டிடர்ஜென்ட்டோடு, காலியாக, 65-70 டிகிரியில் ஓட்டுங்கள். கொழுப்பு போனால்தான் அதற்கடியில் இருக்கும் உப்பை அமிலம் தொடும். அடுத்து 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை அடித்தளத்தில் தூவி, டிடர்ஜென்ட் இல்லாமல் மறுபடியும் சூடாக ஒரு முறை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்றுவிடும். அடிக்கடி வினிகர் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெடும். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், ஸ்டீலை அரிக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயு.

தெளிக்கும் கைகளை மறந்துவிடாதீர்கள். கீழே உள்ளது பெரும்பாலும் மேலே இழுத்தால் வரும், மேலே உள்ளதைத் திருகிக் கழற்ற வேண்டும். ஆட்டிப் பாருங்கள், சலசலத்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. துளைகளைப் பல்குத்தியால் நெருடுங்கள். பாத்திரம் அடுக்கியதும் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கதவை மூடுங்கள். ஒரு கரண்டிக் காம்பு தடுத்தாலும் தட்டில் பாதி அழுக்கோடு நிற்கும், பழி டிடர்ஜென்ட் டேப்லெட்மேல் விழும்.

கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் படாது, அங்கே சேரும் பிசுக்கும் நாறும். ஈரத்துணியால் துடையுங்கள். பாத்திரங்களில் ஒட்டிய மிச்சத்தை வழித்தால் போதும், கழுவிவிட்டுப் போட வேண்டாம். அழுக்கை அளக்கும் சென்சார் இருக்கிற மெஷின், நீர் தெளிவாக இருப்பதைப் பார்த்துக் கழுவலைக் குறைத்துக்கொள்ளும். கையால் பாத்திரம் கழுவும் சோப்பு திரவத்தை மட்டும் மெஷினுக்குள் ஒரு துளிகூட விடாதீர்கள். பம்ப் தண்ணீருக்குப் பதிலாக நுரையை இழுக்கும், நுரை கதவடியில் வழிந்து அடித்தட்டில் தேங்கும், கசிவைக் கண்டுபிடிக்கும் மிதவை ஸ்விட்ச் தூக்கும், மெஷின் கழுவாமல் நீரை வெளியேற்றிக்கொண்டே நிற்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பல புதிய மாடல்களில் ஹீட்டரையும் சுழற்சிப் பம்பையும் ஒரே உருப்படியாக ஒட்டிவிட்டார்கள். ஹீட்டர் போனாலும் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். கையேட்டிலோ எழுத்தே இல்லாமல் படங்கள், எந்த விளக்கு சால்ட், எது ரின்ஸ் எய்டு என்று கண்டுபிடிக்கத் தனிப் படிப்பு வேண்டும். எஸ் போல வளைந்த இரட்டை அம்பு சால்ட், நட்சத்திரம் போல இருப்பது ரின்ஸ் எய்டு. உங்கள் மெஷினில் அந்த அம்பு இப்போது எரிந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.