மகள் ஒன்பதாம் வகுப்பு போகிறாள், நான்கு பாடத்திலும் ஹானர்ஸ் எடுக்க வைக்கலாமா?

ஹானர்ஸ் என்பது அதே பாடத்தின் கடினமான வகுப்பு. நான்கிலும் வேண்டாம். அவளுக்குப் பிடித்த பாடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். உங்களைப் போலவே கலிஃபோர்னியாவில் இரண்டு பிள்ளைகளை ஹைஸ்கூல் முடிக்க வைத்த அம்மாவாகச் சொல்கிறேன்.

ஹானர்ஸ் எடுத்தால் ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரி கூடும், யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்) இடம் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் சேர்ந்த யூசி, ஜிபிஏவைத் தானே தனியாகக் கணக்கிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடைவரை எடுத்த பாடங்கள்தான் அதில் வரும். ஹானர்ஸுக்கான கூடுதல் புள்ளியும் யூசி அங்கீகரித்த வகுப்புகளுக்குத்தான். குறைந்தது சி வாங்கியிருக்க வேண்டும், மொத்தம் 8 செமஸ்டருக்கு மேல் கிடையாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு ஹானர்ஸுக்கு அந்தப் புள்ளி வராது. பள்ளி தன் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) கூட்டிக் காட்டுவதும் காட்டாததும் அந்தந்தப் பள்ளி டிஸ்ட்ரிக்டின் விருப்பம்.

தனியார் கல்லூரிகள் வேறு மாதிரி பார்க்கும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் வழியாக விண்ணப்பித்தால், பள்ளியில் கிடைத்த வகுப்புகளில் இவள் எடுத்தவை எவ்வளவு கடினமானவை என்று பள்ளியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் கேட்பார்கள். ஆனால் அது நான்கு வருடத்துக்கும் சேர்த்துத் தரும் மதிப்பீடு. முதல் வருடமே எல்லாவற்றையும் தலையில் ஏற்றத் தேவையில்லை.

இன்னொன்று, கல்லூரி அளவிலான ஏபி வகுப்புகளுக்கு இருப்பது போல ஹானர்ஸுக்கு காலேஜ் போர்டு என்ற அமைப்பின் பாடத்திட்டமோ மே மாதத் தேர்வோ கிடையாது. ஒரு பள்ளியில் ஹானர்ஸ் இங்கிலீஷ் என்றால் உண்மையிலேயே ஆழமான வாசிப்பு. இன்னொரு பள்ளியில் அதே பாடத்துக்குக் கூடுதல் வீட்டுப்பாடம், அவ்வளவுதான். வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, முடியாவிட்டால் எந்தத் தேதிக்குள் சாதாரண வகுப்புக்கு மாறலாம், மாறினால் டிரான்ஸ்கிரிப்டில் பதிவாகுமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அந்தத் தேதியைக் கண்டிப்பாகக் குறித்து வையுங்கள்.

கணக்கை மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவது அது. இன்ஜினீயரிங் ஆசை இருந்தால், ஏபி கால்குலஸில் மேல்நிலையான பிசி வகுப்புக்குப் போக ஹானர்ஸ் வரிசையில் வந்திருக்க வேண்டுமா என்று இப்போதே விசாரியுங்கள். அதே சமயம் அல்ஜீப்ரா 1 தடுமாற்றமாக இருந்தால் தயவுசெய்து அவளை ஹானர்ஸ் கணக்குக்குள் தள்ளிவிடாதீர்கள். அந்த ஓட்டை பதினொன்றாம் வகுப்பில் பெரிதாகும். இங்கிலீஷ், ஹிஸ்டரியில் இந்தக் கவலை இல்லை. பெரும்பாலும் அடுத்த வருடமே சேர்ந்துகொள்ளலாம்.

எந்தப் பாடம் என்பதை மார்க்கை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். யாரும் சொல்லாமலே எதைப் படிக்கிறாள் என்று பாருங்கள். என் மூத்தவள் பயாலஜியில் மட்டும் ஹானர்ஸ் எடுத்தாள், காரணம் வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான். சின்னவன் தேர்ந்தெடுத்தது ஹிஸ்டரி. கணக்கில் அவனுக்கு நல்ல மார்க் வந்தபோதும் நாங்கள் வற்புறுத்தவில்லை.

தூக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். 2022 முதல் நம் மாநிலத்தில் ஹைஸ்கூல்கள் பொதுவாகக் காலை 8:30-க்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அவள் நடனம், நீச்சல் என்று போகிறவளாக இருந்தால் ஒரு வாரத்தை மணிவாரியாக அவளையே எழுதச் சொல்லுங்கள். பத்தரைக்குப் படுக்க முடியாத அட்டவணை வந்தால் ஒரு ஹானர்ஸைக் குறையுங்கள், நடனத்தை நிறுத்தாதீர்கள். பாடத் தேர்வுப் படிவத்தை அவளே நிரப்பட்டும்.