பூத்தும் காய்க்காத டுரியான்: மண்ணைக் குறை சொல்லாதீர்கள்

வணக்கம் நண்பரே. மலேசியாவின் பினாங்குத் தீவில், மேற்குப் பக்கத்துப் பாலிக் பூலாவ் மலைச்சரிவில் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் பிப்ரவரியில் டுரியான் பூத்துக் குலுங்கியும் பிஞ்சு நிற்கவில்லை, மண் கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் வானத்தைத்தான் சந்தேகிப்பேன்.

பினாங்கில் ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும். அந்த வறட்சிதான் மொட்டை எழுப்புகிறது. பூ மாலையில் விரியும், இரவில் வௌவால் வந்துபோகும், விடிவதற்குள் இதழும் மகரந்த இழைகளும் உதிர்ந்துவிடும். காலையில் மரத்தடி வெள்ளைப் பாய் விரித்ததுபோல் கிடந்தால் பதறாதீர்கள், அது இயல்பு. அண்ணாந்து பார்த்துக் காம்பில் குச்சிபோல் சூல்தண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். சில நாளில் அதுவும் விழுந்தால், பூ விரிந்த இரவுகளில் மழை பெய்ததா என்று யோசியுங்கள். மகரந்தம் நனைந்தால் கதை முடிந்தது.

தீவின் நடுவே மலை நிற்பதால், கிழக்குக் கரையிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரில் வெயில் காயும்போதே உங்கள் பக்கம் மழை கொட்டலாம். தோட்டத்திலேயே ஒரு மழைமானி வையுங்கள்.

வேலைக்கு ஆள் கிடைக்காததில் வியப்பில்லை. 1972இல் தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்ததுமுதல் இளையவர்கள் அங்கேதான் போகிறார்கள். மலைத்தோட்டங்களில் ஹக்கா சீனப் பெரியவர்கள் இருப்பார்கள். கோப்பி வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள்.

எல்லா மரமும் ஒரே ரகமா? அப்படியென்றால் அதுவும் காரணமாகலாம். அடுத்த பூப்பில் இரவு எட்டு மணிவாக்கில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவிப் பாருங்கள். ஏணி வழுக்கும், பத்திரம்.