இயந்திரம் நீங்கள் சொன்னதைத்தான் செய்தது: கேள்வி பதில்

கேள்வி: எந்தக் கோளாறுக்கும் ‘ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்கிறார்கள். இது வைத்தியமா, தட்டிக்கழிப்பா?

பதில்: இரண்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் மெமரியில் குப்பை சேர்த்துக்கொண்டே போகும். அணைத்தால் எல்லாம் துடைக்கப்பட்டு, எழுதியவர் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஒரே நிலைக்கு, அதாவது தொடக்கத்துக்கு, இயந்திரம் திரும்பிவிடும். விண்டோஸ் 95 மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணியது. 49.7 நாளில் அது நிரம்பிப் பூஜ்யத்துக்கு வந்ததும் கணினி உறைந்துபோகும். பல ஆண்டுகள் யாருக்கும் இது தெரியவில்லை. அத்தனை நாள் இடையில் படுக்காமல் ஓடியிருந்தால்தானே தெரியும்!

ஒரு விஷயம்: விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ‘ஷட் டவுன்’ கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) நிலையை டிஸ்கில் சேமித்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றும். சுத்தமாகத் தொடங்க ‘ரீஸ்டார்ட்’தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன், நடந்ததையெல்லாம் புரோகிராம் குறித்துவைக்கும் லாக் ஃபைலை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபைலை நகலெடுக்கும்போது முன்னேற்றப் பட்டையில் 99 சதவீதத்துக்கு ஒரு நிமிடம், மீதி 1 சதவீதத்துக்கு ஐந்து நிமிடம். ஏன்?

பதில்: பட்டை வேலையை எண்ணுவதில்லை, எண்ணச் சுலபமானதை எண்ணுகிறது. பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது தரவு முதலில் மெமரியில் உள்ள கேஷுக்குப் போகும், அது வேகம். பிறகு மெதுவான டிரைவில் உண்மையாக எழுதப்படும், அதுதான் அந்தக் கடைசி 1. லினக்ஸில் 100 காட்டிய பிறகும் எழுதிக்கொண்டிருக்கும். ‘சிங்க்’ கட்டளை முடியும்வரை பிடுங்காதீர்கள்.

கேள்வி: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. கணினிக்குக் கூட்டத் தெரியாதா?

பதில்: தெரியும், நீங்கள் 0.1 கொடுக்கவே இல்லை. பத்தில் ஒன்று, கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும்) முடிவில்லாமல் நீளும், மூன்றில் ஒன்று நமக்கு 0.333 என்று நீளுவதுபோல. பணத்தை மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாகச் சேமியுங்கள். பைத்தான் நிரல்மொழியில், தசம எண்ணை அப்படியே வைக்கும் ‘டெசிமல்’ பயன்படுத்தினால் 0.1-ஐ மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். குறி இல்லாவிட்டால், ஏற்கெனவே பிசகிய எண்ணைத்தான் மிகத் துல்லியமாகப் பாதுகாப்பீர்கள்.

கேள்வி: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் 5 என்கிறது பைத்தான். திருப்பிப் போட்டால் அலங்கோலம்.

பதில்: எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. திருப்பினால் முதலில் அநாதையாக ஒரு புள்ளி, பிறகு ‘ழிமத’. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. டேட்டாபேஸ் நெடுவரிசையின் (column) அளவு பைட்டிலா எழுத்திலா என்று பார்க்காமல் 10 என்று வைத்தவர்கள் உண்டு. பெயரின் பாதி உள்ளே போகும், மீதி போகாது. குறுஞ்செய்தியிலும் இதே கதை: ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும், ஒரேயொரு தமிழ் எழுத்து நுழைந்தால் மொத்தமும் 70-க்கு இறங்கிவிடும்.

இதைவிடக் குசும்பானது ‘கொ’. ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் தட்டலாம். திரையில் அச்சு அசலாக ஒன்று, ஒப்பிட்டால் வெவ்வேறு. தேடலில் ‘கொடி’ கிடைக்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். எழுத்தை எண்ண ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டல் செக்மென்டர்’ (Intl.Segmenter) இருக்கிறது, ‘தமிழ்’ 3 என்று சொல்லும். ஆனால் ‘க்ஷ’வை அதுவும் இரண்டாகத்தான் எண்ணும், அதற்குத் தனி விதி நீங்களே எழுத வேண்டும்.

கேள்வி: எக்செல் எதைப் பார்த்தாலும் தேதியாக்குகிறதே?

பதில்: அதோடு சண்டை போட்டு மரபணு ஆய்வாளர்களே தோற்றார்கள். ‘மார்ச்1’ என்ற மரபணுவை அது மார்ச் 1-ஆம் தேதியாக்கியதால், 2020-இல் மரபணுவின் பெயரையே ‘மார்ச்எஃப்1’ என மாற்றினார்கள். ஒட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். ஒட்டிய பின் மாற்றினால் பழைய மதிப்பு திரும்பாது. 16 இலக்க எண்ணிலும் கவனம்: 15 இலக்கம்தான் நிற்கும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

கேள்வி: ‘தற்காலிகம், பிறகு நீக்கவும்’ என்று ஒரு வரி புரோகிராம் கோடில் (code) இருக்கிறது. நீக்கலாமா?

பதில்: முதலில், ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் ‘கிட் பிளேம்’ கட்டளை போட்டு வயதைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கு என்றால் வேறு ஏதோ அதன்மேல் சாய்ந்து நிற்கிறது. நீக்காமல், அந்த வழியாக யார் வருகிறார்கள் என்று ஒரு மாதம் லாக் எடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலையும் அதில் அகப்படும்.